கழிவைக் கலந்தால் ரெக்சின் மூச்சு விடுமா?

செருப்புக் கடையிலும் சோபா விளம்பரத்திலும் இப்போது இரண்டு வாசகங்கள் ஜோடியாக வருகின்றன: "மூச்சு விடும் செயற்கைத் தோல்", "மறுசுழற்சிப் பொருளில் செய்தது". அடுத்தடுத்துப் படிப்பதால், மறுசுழற்சிப் பொருள் சேர்ந்தாலே வியர்வை குறையும் என்று வாங்குகிறவர் எடுத்துக்கொள்கிறார். விற்கிறவர் பலரும் அப்படியே நம்புகிறார்கள். ஆனால் பழைய பெட் பாட்டிலை உருக்கி நெய்த துணியின் மேல் பிவிசி பூசினால் கிடைப்பது அதே பழைய ரெக்சின்தான். காலில் வியர்வை கொஞ்சமும் குறையாது. தோல் தொழிற்சாலையில் குப்பையாகக் குவியும் சீவல் போன்ற கழிவைத் தூளாக்கி, சரியான அடுக்கில் சரியான அளவில் சேர்த்தால் மட்டும் வித்தியாசம் தெரியும். எந்தக் கழிவு, எந்த அடுக்கு, எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வியர்வை எங்கே போக வேண்டும்

இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. வியர்வை சுரப்பது உடம்பைக் குளிரவைக்கத்தான். ஆனால் வியர்வை வெளியே வந்தால் மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாக வேண்டும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து சுமார் 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த ஆவிக்கு வெளியேற வழி இல்லையென்றால் செருப்புக்குள் இருக்கும் காற்று சீக்கிரமே ஈரத்தால் நிறைந்துவிடும். அதன் பிறகு சுரக்கும் வியர்வை ஆவியாகாமல் நீராகவே தேங்கும். வெயிலில் பஸ் சீட்டில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

எனவே செயற்கைத் தோலிடம் நாம் கேட்பது காற்று புகுந்து வர வேண்டும் என்பதல்ல, நீராவி வெளியேற வேண்டும் என்பதே. இரண்டும் வேறு வேறு. வாயை வைத்து ஊதினால் காற்றே போகாத ஒரு பொருள், நீராவியை நன்றாகவே விடலாம். நல்ல மாட்டுத் தோல் பெரும்பாலும் அப்படித்தான்.

இந்தத் திறனை நீராவி ஊடுருவல் என்று சொல்வார்கள்: ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியே ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிகிராம் நீராவி கடக்கிறது என்ற கணக்கு அது. பாதுகாப்புக் காலணிகளுக்கான ஐஎஸ்ஓ 20345 தரம், மேல்பகுதிப் பொருளுக்குக் குறைந்தது 0.8 வேண்டும் என்கிறது.

ஆவி வெளியேற இரண்டு வழிகள்

முதல் வழி துளை. பொருளின் உள்ளே ஒன்றோடொன்று இணைந்த நுண்துளைகள் இருந்தால், ஈரம் அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்கு ஆவி தானே நகரும். "ஒன்றோடொன்று இணைந்த" என்பதுதான் இங்கே முக்கியம். தனித்தனிக் குமிழிகளாக மூடிக் கிடந்தால் ஆயிரம் துளை இருந்தும் பயனில்லை.

இரண்டாவது வழியில் துளையே வேண்டாம். வீட்டு மேல்தளம் கான்கிரீட் போடும்போது சாந்துச் சட்டி எப்படி மேலே போகிறது? ஏணி நெடுக ஆட்கள் நிற்பார்கள், சட்டி கை மாறிக் கை மாறி உச்சிக்குப் போய்விடும்; யாரும் இடத்தை விட்டு நகர்வதில்லை. நீரை விரும்பும் மூலக்கூறுகள் நெருக்கமாக நிற்கும் பொருளில் நீராவியும் இப்படித்தான் போகிறது. உள்பக்கம் ஒரு நீர் மூலக்கூறு ஒட்டும், அடுத்த இடத்துக்குத் தாவும், அடுத்ததற்குத் தாவும், கடைசியில் வெளிப்பக்கம் விடுபடும். நடுவில் ஆள் இல்லாத இடைவெளி பெரிதாக இருந்தால் சட்டி அங்கேயே நின்றுவிடும். இந்த ஆட்களின் இடத்தில் நிற்பவை நீர்நாட்டத் தொகுதிகள், அதாவது நீர் மூலக்கூறைப் பிடித்து வைத்து விடக்கூடிய வேதிப் பகுதிகள்.

உண்மையான தோலில் இரண்டு வழியும் உண்டு. அது கொலாஜன் என்ற புரதத்தின் நார்கள் முப்பரிமாணமாகப் பின்னிய வலை. நார்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, நார் முழுக்க நீர்நாட்டத் தொகுதிகள் இருக்கின்றன. அதனால் தோல் ஆவியை வெளியே விடுவதோடு, கணிசமான ஈரத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிய பிறகு மெதுவாக விடுகிறது. நாள் முழுக்கத் தோல் செருப்பு போட்டவருக்குக் கால் நசநசக்காததில் இந்தக் கிடங்கு வேலைக்குப் பெரிய பங்கு உண்டு.

சுருக்கமாக: ஆவி வெளியேற இணைந்த துளைகள் வேண்டும், அல்லது நீர்நாட்டப் பாதை வேண்டும். தோலில் இரண்டும் இருக்கின்றன.

ரெக்சினுக்குள் என்ன இருக்கிறது

செயற்கைத் தோல் எல்லாமே அடியில் ஒரு துணி, மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சு என்ற அமைப்புதான். மலிவு ரகத்தில் பூச்சு பிவிசி. அதைக் கூழாகத் தடவி, 180 முதல் 200 டிகிரி சூட்டில் நுரைக்க வைப்பார்கள். நுரை மெத்தென்று இருக்கும். ஆனால் குமிழிகள் பெரும்பாலும் தனித்தனியாக மூடியவை, பிவிசிக்கு நீர் நாட்டமும் கிடையாது. இரண்டு வழியும் அடைப்பு.

அடுத்த ரகம் பியூ எனப்படும் பாலியூரித்தேன். இதில் ஈரமுறை என்று ஒரு செய்முறை உண்டு. பியூவை டிஎம்எஃப் என்ற கரைப்பானில் கரைத்துத் துணியில் தடவி, அப்படியே நீர்த்தொட்டியில் இறக்குவார்கள். டிஎம்எஃப் நீரோடு கலந்து வெளியேறும், நீர் உள்ளே புகும். பியூ நீரில் கரையாது என்பதால் இருந்த இடத்திலேயே கெட்டியாகிப் பஞ்சு போன்ற நுண்துளை அடுக்காக நின்றுவிடும். துளை வழி இங்கே ஓரளவு திறக்கிறது. நீர்நாட்ட வழி மட்டும் திறக்கவில்லை.

துளை மட்டும் போதுமா என்ற கேள்விக்கு வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் கோர்ஃபாம் என்ற செயற்கைத் தோலை 1964-ல் விற்பனைக்கு விட்டது. நுண்துளை உள்ள பொருள், ஆவியை விடும் என்றே விளம்பரமும் செய்தார்கள். 1971-ல் அதைக் கைவிட்டார்கள். விலை ஒரு காரணம். இன்னொன்று, தோல் காலின் வடிவத்துக்கு மெல்ல இளகிக் கொடுப்பதுபோல் அது கொடுக்கவில்லை. போட்டுப் போட்டுப் பழகினாலும் இறுக்கமாகவே இருந்தது. ஆவி வெளியேறுவது சௌகரியத்தில் ஒரு பாதிதான். ஈரத்தை வாங்கி வைப்பதும் காலுக்கு இணங்குவதும் மறுபாதி.

எந்தக் கழிவு உதவும், எது உதவாது

இப்போது கழிவுக்கு வருவோம். ஒரே கேள்வியைக் கேட்டால் பிரித்துவிடலாம்: இதற்கு நீர் பிடிக்குமா?

பாட்டிலிலிருந்து வரும் பாலியஸ்டர், சாதாரணக் காற்று ஈரப்பதத்தில் தன் எடையில் 0.4 சதவீதம்தான் ஈரம் ஏற்கும். பருத்தி 7 முதல் 8 சதவீதம், கம்பளி சுமார் 16 சதவீதம். தோல் நாரும் கம்பளியின் வரிசையில்தான் வரும். டயர் ரப்பர்த் தூள், பழைய பிவிசித் துண்டு ஆகியவை பாலியஸ்டரின் பக்கம். குப்பை குறைக்க இவை நல்லவை, அதற்காக வாங்கலாம். சௌகரியத்துக்காக என்று விற்பது சரியல்ல.

நீர் பிடிக்கும் கழிவில் நமக்கு அருகில் இருப்பவை இரண்டு. ஒன்று திருப்பூரின் பனியன் கட்டிங் வேஸ்ட், அதாவது பருத்தி. சாயம் போடாத வெள்ளைத் துணியாக இருந்தால் அரைத்துச் செல்லுலோஸ் தூளாக்கலாம். பாலியஸ்டர் கலந்த சாயத் துணி கூடாது. டிஎம்எஃப் அந்தச் சாயத்தை இழுத்து வெளியே கொண்டுவந்துவிடும். வெள்ளைப் பூச்சு ரோஜா நிறமாகும்.

இன்னொன்று ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் சீவல். குரோம் உப்பால் பதனிட்ட நீல நிற ஈரத் தோலை ஒரே கனமாக்க ஷேவிங் மெஷினில் சீவும்போது விழுவது இது. ஒரு டன் உப்புத் தோல் உள்ளே போனால், முடிந்த தோலாக வெளியே வருவது சுமார் 200 முதல் 250 கிலோதான். மீதியில் சீவல் ஒரு முக்கியப் பங்கு. கையில் எடுத்தால் ஈரமான, நீலம் கலந்த மரத்தூள் போல இருக்கும். எடையில் பாதி தண்ணீர். காய்ந்த பிறகு பார்த்தால் அது அப்பட்டமான கொலாஜன் நார், ரெக்சினில் எது இல்லையோ அதுவே. இதை ரப்பர் பாலில் கட்டி அட்டையாக்கிச் செருப்பின் உள்தளத்துக்குப் போடுவது பழைய வழக்கம். நாம் பேசுவது அதுவல்ல. தூளாக்கிப் பியூ பூச்சுக்குள்ளேயே கலப்பது.

பிவிசிக்கு இந்தத் தூள் ஒத்துவராது. 180 டிகிரியில் புரதம் கருகி மஞ்சளாகும், அதில் இருக்கும் ஈரம் நீராவியாகிப் பூச்சில் கொப்புளம் போடும்.

இதுவரை: நீர் நாட்டமுள்ள கழிவு மட்டுமே உதவும், அதுவும் பியூவின் பூச்சு அடுக்குக்குள் போக வேண்டும். அடித்துணியில் சேர்ந்த கழிவு மேலே இருக்கும் அடைப்பைத் திறக்காது.

சீவலைத் தூளாக்குவது

முதலில் கழுவ வேண்டும். சீவலில் உப்பும் ஒட்டாத குரோமும் அமிலமும் மிச்சம் இருக்கும். அமிலத்தை அப்படியே விட்டால், சில மாதங்களில் பியூவின் சங்கிலியை அறுத்துப் பூச்சை உதிரவைக்கும். சோடியம் பைகார்பனேட் சேர்த்து, அமில-கார அளவான பிஎச்சை 5-க்கும் 6-க்கும் நடுவே கொண்டுவந்து, மறுபடி கழுவி எடுப்பது போதும். காரமாக்கிவிடக் கூடாது, காரணம் பின்னால் வருகிறது.

உலர்த்துவது 60 டிகிரிக்குள். பிறகு முதலில் வெட்டும் ஆலையில், அடுத்து நுண்ணரைப்பில் அரைக்க வேண்டும். கொலாஜன் நார் உடைவதைவிட நசுங்கிப் பஞ்சாவதற்கே விரும்பும், ஆலையும் சூடாகும். இடைவெளி விட்டு அரைப்பதும், முடிந்தால் குளிர்வித்து அரைப்பதும் இதற்காக. தூசி லேசாக மிதக்கும் என்பதால் முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் கட்டாயம். காற்றில் அடர்ந்த நுண்தூள் தீப்பொறி பட்டால் வெடிக்கும் ரகம்.

300 மெஷ் சல்லடையில், அதாவது அங்குலத்துக்கு 300 கண் உள்ளதில், சலித்தால் சுமார் 50 மைக்ரானுக்குள் வரும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). ஏன் அவ்வளவு நுணுக்கம்? முடிந்த பூச்சின் கனமே 300 முதல் 500 மைக்ரான்தான். துகள் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மேலே சொரசொரப்பாகத் தெரியும், தடவும் கத்தியில் மாட்டி நீளக் கோடு இழுக்கும்.

கலந்து பூசுவது

கலக்கும் முன் தூளை மறுபடி உலர்த்தி ஈரத்தை 2 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். பியூ கெட்டியாகக் காரணமே நீர். ஈரத் தூளைக் கரைசலில் கொட்டினால், ஒவ்வொரு துகளைச் சுற்றியும் பியூ அங்கேயே உறைந்துவிடும். கலவை தயிர் திரிந்ததுபோல் ஆகி, எவ்வளவு கலக்கினாலும் சரியாகாது. மழைக்காலத்தில் மூட்டையைத் திறந்துபோட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கலந்தாலே இது நடக்கும்.

அளவுக்கு ஒரு கணக்கு. சந்தையில் வரும் ஈரமுறைப் பியூ கரைசல் பொதுவாக 30 சதவீதம் திடப்பொருள் உள்ளது. 100 கிலோ கரைசல் என்றால் அதில் பியூ 30 கிலோ. பத்து சதவீதத் தூள் என்றால் 3 கிலோ, கரைசலின் எடையில் பத்து சதவீதம் அல்ல. இந்தக் கணக்கைத் தவறவிட்டு 10 கிலோ போட்டால் கலவை களியாகிவிடும்.

தூளை நேராகப் பியூவில் கொட்டாமல், 50 முதல் 80 கிலோ டிஎம்எஃப்-ல் முதலில் ஊறவைத்துக் கட்டி இல்லாமல் கலக்கி, அதன்பின் பியூ கரைசலைச் சேர்ப்பது நல்லது. நிறமி, பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள் 1 முதல் 3 கிலோ ஆகியவற்றைக் கடைசியில் சேர்க்கலாம். பிறகு வெற்றிடத்தில் வைத்துக் காற்றுக் குமிழியை எடுக்க வேண்டும். நாருக்குள் காற்று ஒளிந்திருக்கும் என்பதால் சாதாரணக் கலவையைவிட அதிக நேரம் பிடிக்கும்.

தடவிய துணி இறங்கும் தொட்டியில் வெறும் தண்ணீர் இருந்தால், மேற்பரப்பு சட்டென்று உறைந்து அடர்ந்த தோலாகிவிடும். அடியில் விரல் விரலாகப் பெரிய பொந்துகள் உருவாகும். மேலே அடைப்பு, கீழே பலவீனம். தொட்டியில் 20 முதல் 25 சதவீதம் டிஎம்எஃப் முன்கூட்டியே கலந்திருந்தால் பரிமாற்றம் நிதானமாகி, சீரான பஞ்சு அமைப்பு வரும். தோல் தூளும் இங்கே இன்னொரு உதவி செய்கிறது. நீரை உள்ளே இழுப்பதால் பூச்சின் நடுப்பகுதியிலும் உறைதல் தொடங்கும் புள்ளிகள் கூடுகின்றன. துகளுக்கும் பியூவுக்கும் நடுவே மெல்லிய இடைவெளியும் விழுகிறது. ஆக, தூள் நீர்நாட்டப் பாதையைத் தருவதோடு துளைப் பாதையையும் கூட்டுகிறது.

அடுத்தது வெந்நீர்த் தொட்டிகளில் அலசல். டிஎம்எஃப் மிச்சம் இருந்தபடி உலர்த்தும் அறைக்குள் போனால், நீர் ஆவியானதும் அந்த மிச்சம் பியூவைத் திரும்பக் கரைத்துத் துளைச் சுவர்களைச் சரித்துவிடும். வெளியே பார்க்கப் பூச்சு நன்றாகத்தான் இருக்கும், நீராவி மட்டும் போகாது. டிஎம்எஃப் உடம்புக்குக் கெடுதியானது, கருவைப் பாதிக்கக்கூடியது. வேலை செய்பவருக்காகவும் போடுபவருக்காகவும் இந்த அலசலில் சிக்கனம் பார்க்கக் கூடாது. இந்தக் கரைப்பானே வேண்டாம் என்று, நீரில் நுண்துகள்களாகப் பரவி நிற்கும் வகைப் பியூவுக்கு மாறுவோர் கூடிவருகிறார்கள். அங்கே தூளின் ஈரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் துளையை நுரையடித்துத்தான் உருவாக்க வேண்டும்.

எவ்வளவு தூள் வரை போகலாம்? 5 முதல் 10 சதவீதத்தில் தொடங்குவது விவேகம். தூள் கூடக் கூட ஆவி நன்றாகப் போகும், இழுவலிமையும் மடிப்புத் தாங்கும் திறனும் குறையும். 20 சதவீதத்தைத் தாண்டினால் செருப்பு மடியும் இடத்தில் விரிசல் எதிர்பார்க்கலாம். கைப்பைக்கும் சோபாவுக்கும் அந்தக் கெடுபிடி குறைவு.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டுக் கடைசிக் கட்டத்தில் கெடுப்பதுதான் வருத்தம். பளபளப்புக்காகவும் கீறல் விழாமல் இருக்கவும் மேலே 20, 30 மைக்ரானில் ஒரு தொடர்ச்சியான பியூ படலத்தை ஒட்டுவார்கள். சூடான உருளையில் தோல் ரேகை அச்சும் பதிப்பார்கள். இரண்டும் கீழே திறந்த துளைகளை மூடிவிடும். மேற்படலம் மெல்லியதாகவும் நீர்நாட்டம் உள்ள பியூவாகவும் இருக்க வேண்டும். பசையை முழுதாகத் தடவாமல் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். அச்சு ஆழம் குறைவாக இருக்க வேண்டும். மேல்படலம் மூடிய 20 சதவீதப் பூச்சைவிட, மேல்படலம் திறந்த 8 சதவீதப் பூச்சே காலுக்கு நல்லது.

சுருக்கமாக: உலர்ந்த தூள், நிதானமான உறைதல், முழு அலசல், திறந்த மேற்பரப்பு. நான்கில் ஒன்று விட்டாலும் மற்ற மூன்றும் வீண்.

குரோமியம் என்றதும் எழும் பயம்

பயம் நியாயமானது, ஆனால் பிரித்துப் பார்க்க வேண்டும். பதனிடுவதில் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். நாரோடு இறுகக் கட்டுண்டு இருப்பது, நச்சுத்தன்மை குறைவு. ஆபத்தானது ஆறிணைதிறன் குரோமியம்: தோலில் ஒவ்வாமை, புற்றுநோய் அபாயம். முன்னது பின்னதாக மாறச் சூடும் காரமும் காற்றும் சேர வேண்டும். சீவலைக் காரமாக்காதே, கொதிக்கக் கொதிக்க உலர்த்தாதே என்று மேலே சொன்னது இதற்காகத்தான். சீவலைத் திறந்தவெளியில் எரிப்பது எல்லாவற்றையும்விட மோசம்.

உடம்பில் படும் தோல் பொருளில் ஆறிணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் விதித்திருக்கிறது. சோதனைக்குக் கொடுக்கும் முன் மாதிரியை 80 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து மூப்பாக்கும் முறை ஒன்று உண்டு. இன்று இல்லாதது நாளை உருவாகுமா என்று அது காட்டும். தூள் கலந்த பூச்சுக்கு அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குவது நல்லது. சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோல் சோதனைகளுக்குத் தெரிந்த இடம். குரோமே வேண்டாம் என்றால், கடுக்காய், ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோலின் கழிவை எடுக்கலாம். தூள் பழுப்பாக இருக்கும், வெளிர் நிறப் பூச்சுக்கு ஆகாது.

டம்ளரில் ஒரு சோதனை

கையில் இருக்கும் இரண்டு துண்டுகளில் எது மேல் என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே அளவுள்ள எவர்சில்வர் டம்ளர் மூன்று, 0.1 கிராம் காட்டும் தராசு ஒன்று வேண்டும். ஒவ்வொன்றிலும் பாதி தண்ணீர் ஊற்றி, முதலாவதன் வாயில் ஒரு துண்டு, இரண்டாவதில் மற்றொன்று, மூன்றாவதில் கனமான பாலித்தீன் தாள் வைத்து, ரப்பர் பேண்ட் போட்டு, விளிம்பை உருகிய மெழுகால் அடைக்க வேண்டும். துணிப்பக்கம் தண்ணீரைப் பார்க்க, பளபளப்புப் பக்கம் வெளியே. எடை போட்டு, ஒரே இடத்தில் மின்விசிறிக் காற்றில் 24 மணி நேரம் வைத்து மறுபடி எடை போடலாம்.

பாலித்தீன் டம்ளர் எடை குறைந்திருந்தால் மெழுகு கசிகிறது, சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். டம்ளர் வாயின் விட்டம் 7 சென்டிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 38.5 சதுர சென்டிமீட்டர். மணிக்கு 0.8 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒரு நாளில் 0.74 கிராம் குறையும். ஆய்வகச் சூழல் வேறு என்பதால் இந்த எண்ணை ஐஎஸ்ஓ அளவோடு நேராக ஒப்பிட முடியாது. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும். சாதாரண பிவிசி ரெக்சினைக் கட்டினால் பாலித்தீனுக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

ஈரம் ஏற்கும் திறனைப் பார்க்க, அதே துண்டுகளைக் கழற்றியவுடன் எடை போட்டு, முன்பே குறித்துவைத்த உலர் எடையைக் கழித்தால் போதும். தோல் தூள் கலந்த துண்டு கனம் கூடியிருக்க வேண்டும். கூடவே இல்லையென்றால், மறுசுழற்சி என்று சொன்னது அடித்துணியில் இருக்கும் பாட்டிலாக இருக்கலாம், அல்லது தூள் இருந்தும் பியூ அதை முழுதாக மூடியிருக்கலாம்.